பில் பிரிவிலிருந்து பேசுகிறேன்

உங்கள் அலுவலகத்திலிருந்து வந்த குறுஞ்செய்தியை நான் அழித்துவிட்டேன், இன்ஸ்பெக்டர் பியோ. வருவதற்குத் தாமதமானது அதனால்தான். ஓடி ஒளியவில்லை. முன்பின் தெரியாத ஓர் எண், 'விசாரணைக்கு ஆஜராகவும், விவரங்களுக்கு இங்கே தொடவும்' என்று ஒரு வரி, அதன் அடியில் நீல நிறத்தில் ஓர் இணைப்பு. இப்படி எது வந்தாலும் தொடாதீர்கள் என்று போஹாங் நகரத்துப் பேருந்து நிறுத்தம் ஒன்று விடாமல் ஒட்டி வைத்திருப்பது நீங்கள்தானே. சொன்ன பேச்சைக் கேட்டு அழித்தேன். வீட்டுக்கு ஆள் வந்து நின்ற பிறகுதான் அது நிஜமாகவே நீங்கள் அனுப்பியது என்று தெரிந்தது.

குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. நான் சொல்லப்போகும் விஷயத்துக்கு இதைவிடப் பொருத்தமான தொடக்கம் கிடைக்காது என்பதால் சொல்கிறேன்.

நான் வேலை பார்த்த இடத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் ஒரு பக்கம் இறுதிச்சடங்கு மண்டபம், நடுவில் ஒரு நடைகூடம், மறுபக்கம் பில் பிரிவு. துக்கத்துக்கு வந்தவர்களுக்குப் பரிமாறும் காரமான மாட்டிறைச்சி சூப் வாடை எங்கள் சட்டையில் எப்போதும் ஒட்டிக்கொண்டிருக்கும். பேருந்தில் பக்கத்தில் உட்காருபவர்கள் யார் வீட்டில் சாவு என்று கேட்பார்கள். பழகிவிட்டது.

நோயாளி வீட்டுக்குப் போய்ச் சில வாரங்கள் கழித்து, காப்பீட்டுக்காரர்கள் கணக்கைச் சரிபார்த்து, இன்னின்னதுக்கு நாங்கள் தர மாட்டோம் என்று திருப்பி அனுப்புவார்கள். அந்த மிச்சத்தை நோயாளியிடம் வசூலிப்பதுதான் எங்கள் வேலை. ஒரு குறுஞ்செய்தி போகும். 'கூடுதல் சிகிச்சைக் கட்டணம் உள்ளது. இணைப்பைத் தொட்டுப் பிறந்த தேதியையும் குடியுரிமை எண்ணையும் பதிவு செய்து பார்க்கவும்.' கீழே பணம் போட வேண்டிய வங்கிக் கணக்கு. அந்தக் கணக்கு ஆஸ்பத்திரியின் பெயரில் இல்லை, கூ ஹாக்போங் என்ற ஆளின் பெயரில் இருந்தது. வசூல் வேலையை ஒரு சின்ன நிறுவனத்துக்குக் குத்தகைக்கு விட்டிருந்தார்கள், கூ ஹாக்போங் அதன் முதலாளி. அவரை நானே ஒரு நாளும் பார்த்ததில்லை.

எங்கள் தொலைபேசி எண்ணும் ஆஸ்பத்திரி எண் அல்ல. செலவு குறையட்டும் என்று இணைய இணைப்பில் வாங்கிய 070 எண். அந்த மூன்று இலக்கத்தைப் பார்த்தாலே இந்த நாட்டில் யாரும் எடுக்க மாட்டார்கள், கடன் வேண்டுமா என்று கேட்பவர்களும் திருடர்களும்தான் அதிலிருந்து கூப்பிடுவார்கள். மேலே வரவேற்பில் இருக்கும் பெண்களுக்கு அப்படி ஓர் எண் எங்களிடம் இருப்பதே தெரியாது. யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

அதனால் நாள் முழுக்க எனக்கு ஒரே கேள்விதான் வந்துகொண்டிருக்கும். இது ஏமாற்று வேலையா என்று. இல்லை, நிஜம்தான் என்று சொல்வது என் சம்பளத்துக்கான வேலை. அதற்கு ஒரு பேச்சுத்தாள் வைத்திருந்தார்கள். வயதானவர்களை அப்பா, அம்மா என்றுதான் கூப்பிட வேண்டும். கட் செய்துவிட்டுத் திரும்பக் கூப்பிடுகிறேன் என்றால் விடக்கூடாது, போனால் திரும்ப வர மாட்டார்கள். லைனில் இருக்க வைத்தே பணத்தைப் போட வைக்க வேண்டும். நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள், உங்கள் பேருந்து நிறுத்த விளம்பரத்தில் திருடர்களின் தந்திரம் என்று நீங்கள் போட்டிருப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

எங்கள் மேனேஜர் பாங் டோங்சுவிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன். அவர் நல்ல மனிதர், எல்லோருக்கும் காபி வாங்கித் தருவார்.

"மேனேஜர், இந்த மெசேஜ் திருட்டுக் கும்பல் அனுப்பின மாதிரியே இருக்கு. ஆஸ்பத்திரி பேர்லயே ஒரு கணக்கு போட்டா என்ன?"

"ஏன், காசு வராமலா போச்சு?" என்றார். "கொஞ்சம் பயந்தாத்தான் சீக்கிரம் கட்டுவாங்க. நீ குரலை மட்டும் இனிமையா வச்சுக்கோ, மிரான். உன் குரலைக் கேட்டா எனக்கே கட்டணும்போல இருக்கு."

அடுத்த வாரம் அவரே செய்தியில் ஒரு வரி சேர்த்தார். மூன்று நாளுக்குள் கட்டாவிட்டால் அடுத்த மருத்துவர் சந்திப்பு ரத்தாகலாம் என்று. அப்படி ஒரு விதி எங்கேயும் கிடையாது. வசூல் எகிறியது, மேலிடத்தில் அவரைப் பாராட்டினார்கள்.

என் அம்மா விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் எப்படியும் கேட்பீர்கள். ஜுக்தோ சந்தையில் கருவாடு விற்றவள். வங்கியிலிருந்து பேசுகிறோம் என்று ஒருவன் கூப்பிட்டு, அவளுடைய சேமிப்பைத் துடைத்துவிட்டான். வங்கிக்குப் போய் அழுதபோது, நாங்கள் ஒருபோதும் தொலைபேசியில் ரகசிய எண்ணெல்லாம் கேட்க மாட்டோம், நீங்களாகக் கொடுத்ததற்கு நாங்கள் பொறுப்பில்லை என்று கைகழுவிவிட்டார்கள். அடுத்த மாதம் அதே வங்கியின் அட்டைப் பிரிவிலிருந்து கூப்பிட்டு அதே எண்ணைக் கேட்டார்கள். அம்மா இப்போது விவரமானவள், வெளுத்து வாங்கிவிட்டு வைத்துவிட்டாள். மறுநாள் அட்டையை முடக்கிவிட்டார்கள். இப்போது முதியோர் இல்லத்தில் இருக்கிறாள், யார் வந்தாலும் பேச மாட்டாள். அவளுடைய வங்கிக் கணக்கை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அதன் விவரமெல்லாம் இப்போது உங்கள் கையில் இருக்கிறது.

செய்தி அனுப்பும் திரைக்கு எங்கள் எல்லோருக்கும் ஒரே கடவுச்சொல். மறந்துபோகாமல் இருக்க அதை மஞ்சள் சீட்டில் எழுதி அச்சு இயந்திரத்தின் மேல் ஒட்டியிருந்தார்கள். வங்கிக் கணக்கு எண் போடும் இடம் வெறும் காலிப் பெட்டி, யார் எதை வேண்டுமானாலும் அடிக்கலாம். ஒரு நாள் மதியம் அதில் அம்மாவின் கணக்கு எண்ணை அடித்து, மேனேஜர் பாங்குக்கே அனுப்பினேன். அவருடைய மகன் கால் முறிந்து எங்கள் ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்த சமயம் அது. அப்படி ஒரு பாக்கியே கிடையாது, நானாக உண்டாக்கியது. மற்ற வார்த்தைகள் எல்லாம் அவருடையவை, ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. ஐந்தடி தள்ளி என் கண் முன்னால் உட்கார்ந்து, செய்தியைப் பார்த்து, முனகிக்கொண்டே கட்டினார். கணக்கின் பெயர் கூ ஹாக்போங்கிலிருந்து என் அம்மா போங் ஜோம்ரே ஆனதைக் கவனிக்கவேயில்லை. அன்று மாலை எல்லோருக்கும் நான் வறுத்த கோழி வாங்கிக் கொடுத்தேன். பாங்தான் அதிகமாகச் சாப்பிட்டார்.

அதை நிரூபணம் என்றுதான் அப்போது நினைத்தேன். மறுநாள் அவரிடம் காட்டி, பாருங்கள் என்று சொல்வதாக இருந்தேன். சொல்லவில்லை. காட்டினால் ஒரு வாரம் பேசிவிட்டு மஞ்சள் சீட்டை வேறு நிறத்தில் ஒட்டுவார்கள், அவ்வளவுதான்.

பிறகு நடந்ததில் புதிதாக நான் எதையும் கண்டுபிடிக்கவில்லை. நீண்ட நாள் படுத்திருந்தவர்களுக்கு மட்டும் அனுப்பினேன், எதற்கு எவ்வளவு என்று அவர்களுக்கு நினைவு இருக்காது. இல்லாத பாக்கி என்பதால் ஆஸ்பத்திரியின் கணக்கில் ஒரு வோன்கூடக் குறையவில்லை. ஒரு தடவைக்குக் கேட்டது, ஒரு குடும்பம் கடையில் மாட்டிறைச்சி வாட்டிச் சாப்பிட்டு எழுந்தால் ஆகும் அளவுதான். சந்தேகப்பட்டவர்கள் செய்தியில் இருந்த எண்ணைக் கூப்பிட்டார்கள், நான் எடுத்தேன். நிஜம்தான் என்றேன். வழக்கமாகச் சொல்வதைவிடக் கூடுதலாகவோ குறைவாகவோ சொல்லவில்லை. துக்க வீட்டாரிடம் வாங்கியதில்லை, அது என் கொள்கை. எதிரே மண்டபத்தில் அழுகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன், எனக்கும் மனசு இருக்கிறது.

இனி தாக் யோங்மானைப் பற்றி.

அவர் குர்யோங்போ துறைமுகத்தில் படகு எஞ்சின் பழுது பார்த்தவர். மனைவி இல்லை. ஒரே மகள் யூன்சிம், தேகு நகரத்தில் இருக்கிறாள். வயிற்றுக் கோளாறில் நீண்ட நாள் எங்கள் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். என் செய்தி போன மறு நிமிடம் கூப்பிட்டார். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"ஏம்மா, நீ திருடிதானே?"

"இல்லப்பா, ஆஸ்பத்திரி பில் பிரிவிலேர்ந்து பேசறேன்."

"எல்லாத் திருடியும் அப்படித்தான் சொல்லுவா. போலீஸ்காரங்க எங்க முதியோர் சங்கத்துக்கு வந்து படம் போட்டுக் காட்டிட்டுப் போயிருக்காங்க, தெரியுமில்ல. சரி, ஆஸ்பத்திரியிலதான் இருக்கியா? அப்போ சொல்லு, வாசல்ல என்ன விக்கிறாங்க?"

எனக்கு அவரைப் பிடித்துப்போனது. இத்தனை வருடத்தில் ஒருவர்கூட என்னை இப்படிச் சோதித்ததில்லை. ஆஸ்பத்திரி எங்களுக்கு ஒரு சோதனை முறையைத் தரவில்லை, அந்தப் பெரியவர் தானே ஒன்றைச் செய்துகொண்டார். மீன் அச்சில் சுடுகிற பயறு ரொட்டி விற்கிறார்கள் என்றேன். அது எல்லா ஆஸ்பத்திரி வாசலிலும் இருக்கும் என்றார். எங்கள் ரொட்டிக்காரருக்கு வலது கையில் ஆள்காட்டி விரல் பாதிதான் இருக்கும், படகில் வலை இழுக்கும் இயந்திரத்தில் போனது, அவர் எப்போதும் ஒன்று கூடுதலாகப் போட்டுத் தருவார் என்றேன். அந்தப் பக்கம் பெரியவர் சிரித்துவிட்டார்.

"அட, ஆமாம்மா. அந்த வலை எஞ்சினை நான்தான் சரி பண்ணினேன். தப்பா நினைச்சுக்காதே. காலம் அப்படி."

லைனில் இருந்தபடியே போட்டுவிட்டார். நன்றியும் சொன்னார். உங்கள் படத்தில் சொல்லித் தந்ததையெல்லாம் செய்த ஒரே மனிதர் அவர்தான், இன்ஸ்பெக்டர். சந்தேகப்பட்டார், கேள்வி கேட்டார், பதிலைச் சரிபார்த்தார். ஆனாலும் மாட்டினார், ஏனென்றால் நான் நிஜமாகவே ஆஸ்பத்திரியில்தான் இருந்தேன்.

அடுத்த மாதம் குடலில் குழாய் விட்டுப் பார்க்கும் சோதனைக்கு வந்தார். ஏதோ ஒரு துணுக்கை எடுத்து ஆய்வுக்கு அனுப்பினார்கள். ஏதாவது இருந்தால் மட்டும் கூப்பிடுவோம், இல்லாவிட்டால் வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள், அதுவும் இங்கே வழக்கம்தான். போகிற வழியில் வரவேற்பில் நின்று, முன்பு கட்டிய பணத்துக்கு ரசீது கேட்டிருக்கிறார். அப்படி எந்தப் பாக்கியும் இல்லையே என்றார்கள். எண்ணைக் காட்டினார். இது எங்கள் எண்ணே இல்லை, ஏமாந்துவிட்டீர்கள் அப்பா என்றார்கள். ரொட்டிக்காரர் விரல் அவளுக்குத் தெரிந்திருந்ததே என்று கேட்டதற்கு, இந்தக் காலத்துத் திருடர்களுக்கு எல்லாம் தெரியும் என்றார்கள். ஒரு தளம் கீழே இறங்கி வந்து பார்த்திருந்தால் நான் உட்கார்ந்திருப்பது தெரிந்திருக்கும். யாரும் வரவில்லை. அதற்குப் பதில் வாசலில் ஒரு பதாகை கட்டினார்கள், எங்கள் பெயரைச் சொல்லி ஏமாற்றுகிறார்கள், எச்சரிக்கை என்று. நான் தினமும் அதன் கீழேதான் வேலைக்கு நுழைந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் சோதனை முடிவுகளைச் சொல்லும் செவிலியர் வேலையை விட்டுப் போனார். அந்த இடத்துக்கு ஆள் போடவில்லை. நன்றாகப் பேசுகிறவர்கள் என்று அந்த வேலையையும் எங்கள் தலையில் கட்டினார்கள். காலையில் திரையில் வரும் பெயர்களைக் கூப்பிட்டு, மருத்துவரைப் பார்க்க வாருங்கள் என்று சொல்ல வேண்டும். ஒரு நாள் தாக் யோங்மான் பெயர் வந்தது. பக்கத்தில் சிவப்புக் குறி. உடனே வரச் சொல்லவும்.

கூப்பிட்டேன். அதே எண்ணிலிருந்து, வேறு எண் கிடையாது.

"அப்பா, ஆஸ்பத்திரியிலேர்ந்து பேசறேன். உங்க சோதனை முடிவு வந்திருக்கு. நீங்க உடனே டாக்டரைப் பார்க்கணும்."

என் குரலை அடையாளம் கண்டுகொண்டார்.

"நீயா?" என்றார். "ரொட்டிக்காரன் விரல் தீந்துபோச்சு, இப்போ என் குடலுக்கு வந்துட்டியா?"

"அப்பா, இது நிஜம்."

"அன்னைக்கும் இதேதான் சொன்னே. இதே குரல்ல. நான் வைக்கிறேன்."

"வைக்காதீங்கப்பா, லைன்லயே இருங்க."

சொன்ன பிறகுதான் உறைத்தது. பேச்சுத்தாள் வாயில் ஊறிப்போயிருந்தது. வையுங்கள், நேரே ஆஸ்பத்திரிக்கு வந்து கேளுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். எந்தத் திருடியும் அதைச் சொல்ல மாட்டாள். லைன்லயே இருங்க என்று எப்போது சொன்னேனோ அப்போதே அவருக்குச் சந்தேகம் தீர்ந்துவிட்டது, நான் திருடிதான். உன் அம்மாவுக்கும் இப்படி ஒருத்தி வந்து வாய்க்கணும் என்று ஏதோ சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அவருக்கு என் அம்மாவைப் பற்றி எதுவும் தெரியாது, பொதுவாகத் திட்டியதுதான். இருந்தாலும் எனக்குச் சுருக்கென்றது.

திரையில் அதற்கும் ஒரு பொத்தான் உண்டு. 'தகவல் சொல்லப்பட்டது, நோயாளி மறுத்தார்.' அழுத்தினேன். நடந்தது அதுதான், ஒரு வார்த்தை பொய் இல்லை. வார்டு செவிலியர் யாரையாவது பேசச் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் சற்று முன் கேட்டீர்கள். யோசித்தேன். செவிலியர் பேசினால் அவர் என் குரலைப் பற்றிச் சொல்வார், விரல் கதையைச் சொல்வார். அந்தப் பேச்சு வேண்டாம் என்று விட்டேன். மருத்துவர் 'மறுத்தார்' என்பதைப் பார்த்து அடுத்த நோயாளிக்குப் போய்விட்டார். அவரும் ஒரு தடவை கூப்பிட்டிருக்கலாம். அவரை ஏன் இங்கே உட்கார வைக்கவில்லை?

வசந்தத்தில் அவர் எங்கள் நடைகூடத்துக்கு எதிர்ப்பக்கம் வந்தார். மண்டபத்து வாசலில் இறந்தவர் பெயரையும் படத்தையும் போடுவார்கள் இல்லையா, அதில் பார்த்தேன். முகத்தை அன்றுதான் முதல் தடவை பார்க்கிறேன். நினைத்ததைவிடச் சின்ன ஆள். மதியச் சாப்பாட்டுக்குப் போகும்போது உள்ளே நுழைந்து பூ வைத்துக் கும்பிட்டேன். யாருக்கு வேண்டியவர் என்று யாரும் கேட்கவில்லை. பரிமாறியவர்கள் எனக்கும் சூப் வைத்தார்கள், சாப்பிட்டேன். துக்க வீட்டில் கொடுத்ததை வேண்டாம் என்று சொல்லக்கூடாது.

மண்டப வாடகையில் மிச்சம் இருந்தது. அதையும் நாங்கள்தான் வசூலிக்க வேண்டும். மகள் யூன்சிமுக்கு நான் கூப்பிட்டேன். இதைக் கவனமாக எழுதிக்கொள்ளுங்கள். அது நிஜமான பாக்கி. கணக்கு எண் கூ ஹாக்போங்குடையது. அதிலிருந்து ஒரு காசு எனக்கு வராது. என் கொள்கையைத்தான் சொன்னேனே.

"நிஜம்னு எப்படி நம்பறது?" என்று கேட்டாள். பிறகு அவளே தொடர்ந்தாள். "எங்கப்பா கடைசி வரைக்கும் முதியோர் சங்கத்துல ஒரு கதை சொல்லிட்டே இருந்தாரு. புற்றுநோய்னு பயமுறுத்தி ஒருத்தி காசு பிடுங்கப் பார்த்தா, நான் மசியலைன்னு. எல்லாரும் கை தட்டினாங்களாம். வயித்து வலிக்குக் கிளினிக்ல ஜீரண மருந்து வாங்கிச் சாப்பிட்டுக்கிட்டே சொல்லுவாரு. இதே நம்பர்தான் அவர் போன்ல இருக்கு."

வைத்துவிட்டு உங்களிடம் வந்தாள். நீங்கள் ஆஸ்பத்திரியைக் கேட்டீர்கள், அன்றைக்குத்தான் அது தங்கள் எண் என்று அவர்கள் கண்டுபிடித்தார்கள். குட்டு உடைந்தது. பாருங்கள், பொய் சொன்னபோதெல்லாம் எல்லோரும் கட்டினார்கள். இந்தக் குடும்பத்திடம் இரண்டு தடவை நிஜத்தைச் சொன்னேன், ஒருவர் செத்துப்போனார், இன்னொருத்தி போலீசுக்குப் போனாள். இதில் நான் என்ன பாடம் கற்றுக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள்?

பணத்தை எடுத்ததை ஒப்புக்கொள்கிறேன். எத்தனை பேர் என்று நீங்கள் போட்டிருக்கும் கணக்கு சரிதான். அதற்கு என்ன தண்டனையோ கொடுங்கள். ஆனால் ஆஸ்பத்திரி மீதான நம்பிக்கையைக் கெடுத்தேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அதை அடித்துவிடுங்கள். கெடுக்க அங்கே ஒன்றும் மிச்சமில்லை. இன்றைக்கும் அதே வார்த்தைகளில், அதே காலிப் பெட்டியோடு அந்தச் செய்தி போய்க்கொண்டிருக்கிறது. என் நாற்காலியில் வேறு பெண் உட்கார்ந்து நிஜம்தான் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

நீங்கள் மறுபடி மறுபடி அந்த ஒரு வாக்கியத்துக்கே வருகிறீர்கள். 'அன்றைக்குப் பணத்தை எடுத்தது நான்தான் அப்பா, ஆனால் இது நிஜம்' என்று சொல்லியிருந்தால் அவர் வந்திருப்பாரே என்று. வந்திருப்பார். அந்த வாக்கியம் எனக்கும் அப்போதே தோன்றியது. வாய் வரைக்கும் வந்தது. அதைச் சொல்லக்கூட வேண்டியதில்லை, வாசலிலிருந்து ரொட்டிக்காரரைக் கீழே கூட்டிவந்து அவரைக்கொண்டே பேசச் சொல்லியிருந்தாலும் போதும், பெரியவர் நம்பியிருப்பார். ஆளை நம்பவைப்பது எனக்குக் கைவந்த கலை. ஆனால் அது பணம் கேட்கும் அழைப்பு இல்லை, நம்பவைத்து ஆக வேண்டிய கட்டாயமும் இல்லை. சாப்பாட்டு நேரமும் நெருங்கிவிட்டது. பொத்தானை அழுத்திவிட்டு எழுந்தேன்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லுங்கள். கடைசியாக ஒன்றை மட்டும் சேர்த்துவிடுங்கள், அவருடைய மகளுக்கும் தெரியட்டும். தாக் யோங்மானிடம் நான் ஒரே ஒரு தடவைதான் பொய் சொன்னேன்.